முப்பத்தைந்தில் ஒரு பங்கு தெரு

மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பொம்மைச் சிப்பாயின் கையைக் காட்டினார் கோதண்டபாணி. பிளாஸ்டிக் இளகியதும் இடுக்கியால் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். துப்பாக்கியை முன்பே அறுத்து எடுத்தாயிற்று. இரும்புத் தொப்பியை அரத்தால் ராவி, புட்டி வைத்துத் தலைமுடி ஆக்கியாயிற்று. இனி கை மட்டும்தான். முகத்துக்குக் குறுக்கே வந்து, உள்ளங்கை வெளியே பார்க்க வேண்டும். அவர் மகன் விமல்ராஜ் அப்படித்தான் கையைத் தூக்கியிருக்கிறான். முதல் வெட்டு முழங்கைக்குக் கீழே எலும்பு வரை இறங்கியிருந்தது என்று டாக்டர் கோர்ட்டில் சொன்னார். அடுத்தது கழுத்தில். அதற்கடுத்ததும் கழுத்தில்தான். பெட்டியில் வந்த சிப்பாய்கள் எல்லோரும் சுடுகிறார்கள், ஓடுகிறார்கள், குண்டு வீசுகிறார்கள். சாகிற சிப்பாயை எந்தக் கம்பெனியும் செய்து விற்பதில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் அவருக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. மிஞ்சுகிற மவுண்ட் அட்டையில் வீடும் பாலமும் கட்டுவார். தபாலில் பிளாஸ்டிக் பெட்டிகள் வரவழைத்து டாங்கி, கப்பல் என்று ஒட்டுவார். மகன் வெட்டுப்பட்டுச் செத்த அன்றோடு எல்லாம் பரணுக்குப் போய்விட்டது. திரும்ப இறக்க வைத்தவர் அரசு வக்கீல் இளவரசி.

கருட சேவை அன்று பட்டப்பகலில் அவர் வீட்டு வாசலிலேயே நடந்த கொலை அது. பைக் நிறுத்துகிற இடத்துக்காக முதல் நாள் தொடங்கிய வாய்த்தகராறு. சாமி பெரிய காஞ்சிபுரம் பக்கம் நகர்ந்துவிட்டாலும் தெரு நிறைய ஜனம் இருந்தது. அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்துக் கண் அவிந்துவிட்டது. போலீஸ் கேட்டபோது ஒருவன் கோயிலுக்குள் இருந்தேன் என்றான், ஒருவன் கக்கூஸில் இருந்தேன் என்றான். நாசமாய்ப் போகிறவர்கள். பார்த்தேன் என்று சொன்னவள் விமல்ராஜைப் பெற்ற கங்கையம்மாள் ஒருத்திதான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், வெட்டியவன் அடுத்த தெரு பாண்டியன் என்றாள். பாண்டியனின் வக்கீல் சென்னைக்காரர். அவ்வளவு உயரத்திலிருந்து முகம் அடையாளம் தெரியாது என்று அடித்துப் பேசினார்.

"சார், தெருவை அப்படியே சின்னதா செஞ்சி குடுங்க. ஜட்ஜய்யா அந்த ஜன்னல் வழியா அவரே குனிஞ்சி பாக்கட்டும்" என்றார் இளவரசி.

சிப்பாய்களின் அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. தெருவும் அந்த அளவுக்கே சுருங்க வேண்டும். கோதண்டபாணி இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். மறுமுனையைச் சாக்கடை மூடியில் மாட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தால், முனையைக் கையில் பிடித்தபடி பாண்டியன் நிற்கிறான். ஜாமீனில் வந்தவன். தொப்பை கூடப் போட்டிருந்தது.

"நான் புடிச்சிக்கிறேன் நைனா, நீ அளந்துக்கோ."

கோதண்டபாணி டேப்பின் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எதையும் உட்றாத. இந்தக் குழியெல்லாம் கூட அளந்துக்கோ" என்று செருப்புக் காலால் ரோட்டோரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு டேப்பை விட்டான். அது சீறிக்கொண்டு வந்து அவர் விரலிடுக்கைக் கிழித்தது. ரத்தம் சொட்ட நின்றார். எதிர்வீட்டு மணிவண்ணன் இதையும் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்தக் கையோடுதான் தெருவைக் கட்டினார். சுவர்கள், மாடிப்படி, கரண்டுக் கம்பம் எல்லாம் அட்டையில் எழும்பின. வீட்டின் பின்சுவரை மட்டும் ஒட்டவில்லை. அதைக் கழற்றினால் ஜன்னலில் கண் வைத்துப் பார்க்கலாம். பாண்டியனுக்கு ஓடுகிற சிப்பாய் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, கையில் அரிவாளை ஒட்டி, நீலச் சட்டை தீட்டினார். தீட்டி முடித்ததும் கட்டரை எடுத்து அதன் கழுத்தை அறுத்தார். மறுநாள் ஒட்டினார். மறுபடி அறுத்தார். பொம்மையின் கழுத்தை அறுப்பதில் இத்தனை சுகம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அந்தச் சுகம் அவரைப் பயமுறுத்தியது. கோர்ட்டுக்குத் தலை வேண்டுமே என்று கடைசியில் ஒட்டி வைத்தார்.

ரோட்டோரக் குழிகளுக்கு அட்டையில் ஊசியால் துளை குத்தினார். நான்காவது துளையைக் குத்தியதும் கை நின்றது. மண் தூர்ந்துபோன அந்தக் குழிகளைக் கடப்பாரையால் தோண்டியவர் அவரேதான். கருட சேவைக்கு வருகிற ஜனத்துக்கு வருஷா வருஷம் அவர் குடும்பம் நீர்மோர் ஊற்றும். அதற்கு மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, வாசலிலிருந்து பாதித் தெரு வரை பந்தல் போடுவார். அன்றும் போட்டிருந்தார். கொலை நடந்ததும் யாரோ அதைப் பிரித்துப் போட, மறுநாள் அதே கீற்றைத்தான் சாவுக்குக் கட்டினார்கள். இத்தனை அளந்தவர் தன் கையால் போட்ட பந்தலை மறந்துவிட்டார். பாண்டியன் மறக்கவில்லை.

பல்குச்சிகளைத் துளைகளில் நட்டார். அட்டையில் கீற்றுக்கோடு கீறி, மேலே வைத்துப் பசை தொட்டார். பின்சுவரைக் கழற்றி ஜன்னலில் கண்ணை வைத்தார். கூரைதான் தெரிந்தது. மகன் தெரியவில்லை, தூக்கிய கை தெரியவில்லை, அரிவாளும் தெரியவில்லை.

"அத்த இன்னாத்துக்குயா கட்ற?"

கங்கையம்மாள் பின்னால் நின்றிருந்தாள். மறுநாள் அவள் மறுபடி கூண்டில் ஏற வேண்டும்.

"அன்னிக்கி இருந்துச்சே."

அவள் பல்குச்சி ஒன்றைத் தொட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

"நீ எங்க இருந்த கங்கா?"

"அடுப்பாண்ட. இன்னொரு குண்டான் மோரு கரைச்சிக்கினு இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. ஓடியாரதுக்குள்ள..." அவள் குரல் உடையவில்லை, உயர்ந்தது. "நம்ம ஊத்தின மோர குடிச்சிக்கினே பாத்தானுங்கயா. எம்புள்ள கழுத்து தொங்குது, டம்ளர கீழ வைக்கல ஒருத்தனும். பாத்தவனெல்லாம் பாக்கலன்னு சொல்லலாம், நான் பாத்தேன்னு சொல்லக் கூடாதா?"

"அவனுக்குத் தெரியும். வக்கீலாண்ட சொல்லிக் கேக்க வைப்பான்."

"கேக்கட்டும்."

பந்தலைப் பிய்த்து எறிந்தால் நொடியில் தீர்ந்துவிடும். தன் பிள்ளைக்காக ஒரு துண்டு அட்டையைக் கிழிக்க முடியாத அப்பனா என்று அவருக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. ஆனால் விரல் நகரவில்லை. இருந்ததை இல்லை என்றுதான் எதிர்வீட்டுக்காரனும் சொன்னான்.

கங்கையம்மாள் அவரைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, நெற்றி அட்டையில் இடிக்க ஜன்னலில் கண்ணை வைத்தாள். பந்தல் அப்படியே இருந்தது. அவள் இமைக்காமல் பார்த்தாள்.

"தெரியுது" என்றாள். "கையத் தூக்கறான். எம்மா எம்மான்றான். தோ, பாண்டியன் நிக்கறான் பாரு, நீல சட்ட. அருவா மேல போவுது."

அவள் மூச்சுப் பட்டு, பசை காயாத பந்தல் அசைந்துகொண்டிருந்தது.