ஏழு பத்துக்கு ஓயாத நீர்

நான் மீன் தின்றதில்லை, தொட்டதும் இல்லை. ஆரணியில் சமண நயினார் வீடு எது என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அப்படிப்பட்ட நான், கனடா நாட்டின் மேற்குக் கடற்கரையில் எந்த நேரத்தில், எத்தனை அடி ஆழத்தில் தூண்டில் போட்டால் மீன் சிக்கும் என்று தினமும் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

பதினெட்டு வருடம் புவியியல் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தால் எனக்கு வாய் நீளும் என்று என் கணவர் அனந்தராஜுக்குத் தெரியும். அவர்தான் இணையத்தில் வேலை தேடச் சொன்னார். வான்கூவர் தீவில் கார்விக் என்று ஒரு சின்னத் துறைமுகம். அங்கே படகு வாடகைக்கு விடும் ராய் என்பவர், தன் இணையதளத்துக்குக் கடல் நிலவரம் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். காற்று, அலை, கடலின் ஏற்ற இறக்கம் எல்லாம் தெரிந்த, ஒழுங்காக ஆங்கிலம் எழுதும் ஆள் வேண்டும் என்றார். டிசம்பரில் சேர்ந்தேன். மகாபலிபுரத்தில் முழங்கால் வரை நனைந்ததுதான் கடலோடு எனக்கு இருந்த பழக்கம் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் வேலை பிடித்துப்போனது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே பிடித்துப்போனது. மார்ச் பிறந்தால் அந்தக் கடலுக்கு வசந்தம். ஹெர்ரிங் என்கிற சின்ன மீன்கள் கரையோரம் முட்டையிட வரும்போது தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். அவற்றைத் துரத்திக்கொண்டு சால்மன் வரும். ஹாலிபட் என்று ஒன்று, கதவுப் பலகை அகலத்துக்குத் தட்டையானது, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். அது குளிர்காலம் முழுக்க ஆழத்தில் கிடந்துவிட்டு அப்போதுதான் மேட்டுக்கு ஏறும். இதையெல்லாம் நான் எழுத, எங்கோ ஒருவர் படித்துவிட்டுப் படகை அவிழ்ப்பார். ஜினாலயத்தில் நிற்கும்போது மட்டும் கொஞ்சம் உறுத்தும். பகவானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

கார்விக்கிலிருந்து திறந்த கடலுக்குப் போக ஒரே வழி, இரண்டு பாறைக் கரைகளுக்கு நடுவே ஒரு குறுகலான கடல்வாய். கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் அதில் தண்ணீர் வெள்ளம் வந்த ஆறுபோலப் பாயும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் ஒரு இருபது நிமிடம் நீர் ஓயும். சின்னப் படகுகள் அப்போதுதான் கடக்க வேண்டும். அந்த ஓயும் நேரத்தை அச்சிட்ட அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்து நான்தான் எழுதுவேன்.

என் அறிக்கையை விடாமல் படிக்கிறவர் வால்டர். கோதுமை விவசாயி. ஓய்வெடுத்துக்கொண்டு கடலோரம் குடிவந்து மூன்று வருடம்தான் ஆகிறது. 'காற்று பத்து என்றாய், பன்னிரண்டு அடித்தது' என்று தினமும் ஒரு குற்றம் எழுதுவார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள், 'நீ எழுத ஆரம்பித்த பிறகு நான் அட்டவணைப் புத்தகமே வாங்கவில்லை' என்று எழுதினார். அன்றோடு எரிச்சல் போய்விட்டது. அவர் மனைவி ரூத்துக்குக் குளிர்காலம் முழுக்கப் புற்றுநோய் சிகிச்சை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவளை முதன்முறையாகப் படகில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். நீர் ஓயும் நேரம் காலை ஏழு பத்து என்று சனிக்கிழமையே எழுதிப் போட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஒரு பருக்கை உள்ளே போகாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்கு இரண்டு தட்டு வைத்து உட்கார்ந்தோம். முதல் கவளம் பிசையும்போது போன் ஒலித்தது. வால்டர்.

'சரியாக 5:15. கட்டை அவிழ்த்தாயிற்று. உன் ஏழு பத்துக்கு வாயைக் கடக்கிறோம். ரூத் உனக்கு வணக்கம் சொல்கிறாள். முனை தாண்டினால் சிக்னல் போய்விடும்.'

அவருடைய செய்தி எப்போதும் நாங்கள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, விளக்கேற்றிய பிறகுதான் வரும். இன்று ஏன் பசிக்கிற நேரத்தில் வருகிறார் என்று அலுத்துக்கொண்டேன். பதின்மூன்றரை மணி நேரத்தைக் கழித்துப் பார்த்தேன். அங்கே நாலேகால்தான் ஆகியிருக்க வேண்டும். அவரோ ஐந்தேகால் என்கிறார்.

கை தட்டிலேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை ராய் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஞாயிறு முதல் கோடைகாலத்துக்காக எங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறோம் என்று. அவர்கள் கடிகாரம், அவர்கள் பாடு என்று மூடிவைத்துவிட்டேன். பதினெட்டு வருடம் தீர்க்கரேகை சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு இருந்த புத்தி அவ்வளவுதான். அட்டவணையில் இருப்பதோ பழைய நேரம். இன்றுமுதல் அதோடு ஒரு மணி கூட்ட வேண்டும். நீர் ஓயப்போவது எட்டு பத்துக்கு. ஏழு பத்துக்கு அந்த வாயில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். அதற்குள் ஒரு பதினெட்டடிப் படகில் வால்டரும் ரூத்தும் போய் நிற்பார்கள்.

"இன்னா ஆச்சு? சாப்பிடு, பொழுது போவுது," என்றார் அனந்தராஜ்.

"நான் தப்பு நேரம் எழுதிட்டங்க. அவங்க ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க."

கையைக் கழுவிக்கொண்டு முதலில் இணையதளத்தில் நேரத்தைத் திருத்தினேன். வால்டருக்கு அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. ராயை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒரு மணி நேரத் தூக்கத்தைப் பறிகொடுத்த ஊரில் ஞாயிறு காலை ஐந்தரைக்கு யார் எடுப்பார்கள். படகுக்கு எண்ணெய் போடும் துறையில் ரேடியோ உண்டு, அங்கிருந்து கூப்பிட்டால் படகில் கேட்கும். துறையின் லேண்ட்லைன் எண்ணும் என்னிடம் இருந்தது. ஆனால் என் சிம்மில் வெளிநாட்டுக்குப் போன் போகாது, அனந்தராஜுடையதிலும் போகாது.

"ஜெயவேல் போன்ல போவும். டெய்லி சிங்கப்பூருக்குப் பேசிகினு இருக்காரே," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெயவேல் பக்கத்து வீடு. வெளிநாட்டுக்குப் பட்டுச்சேலை அனுப்புகிறவர். ஞாயிறானால் அவர் வீட்டு மீன் வறுவல் வாசனை எங்கள் கூடத்தில் வந்து உட்காரும். போன மாதம்தான் வாசலில் நின்று, "எங்க மூக்குக்கு ஒரு நாள் லீவு குடுங்க," என்று கத்திவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. மானம் பார்க்க நேரமில்லை என்பதால் போனேன்.

கதவைத் திறந்ததும் அவரே முந்திக்கொண்டார். "ஜன்னல சாத்திட்டனே, டீச்சரம்மா."

"அதுக்கு வரலீங்க. உங்க போன் வேணும். கனடாவுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு படகுல போய்கினு இருக்காங்க. நான் சொன்ன நேரத்த நம்பிப் போறாங்க, அந்த நேரம் தப்பு. போன் பண்ணி நிறுத்தணும்."

வேறு யாராயிருந்தாலும் பத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள். அவர் உள்ளே திரும்பி மனைவியிடம், "துர்கா, அடுப்ப நிறுத்து," என்றார். மீன் தின்ற கை. ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கழுவினார். போனையும் ஒரு துவைத்த துண்டால் இரண்டு பக்கமும் துடைத்துத் தந்தார். "ஜல்தி பேசுங்க," என்றார். அந்தத் துண்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

இரண்டு தடவை மணி அடித்து நின்றது. மூன்றாவது தடவை தூக்கக் குரலில் ஒரு பெண் எடுத்தாள். எண்ணெய்த் துறைக்கு மேலேயே குடியிருக்கும் லோரா. அறிக்கை எழுதுகிறவள் நான்தான் என்றேன், தப்பு என்னுடையது என்றேன், வால்டரையும் ரூத்தையும் சொன்னேன்.  உடனே படியில் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

"அவன் ரேடியோவைச் சத்தம் குறைத்துத்தான் வைப்பான். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த எண்ணிலேயே இரு," என்றாள்.

இந்த எண் என்றால் ஜெயவேல் வீடு. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். துர்கா எல்லா ஜன்னலையும் திறந்து மின்விசிறியை வேகமாக வைத்தாள். வெளியே வெயில் மஞ்சளாகி, சிவந்து, போய்விட்டது. அனந்தராஜ் வந்து என் பக்கத்தில் நின்றார். நீங்களாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். எனக்கு அழுகை முட்டியது. நாற்பத்தாறு வயதில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தண்ணியாச்சும் குடிங்கக்கா," என்று துர்கா சொம்பை நீட்டினாள். பதினோரு வருடப் பக்கத்து வீட்டில் நான் குடித்த முதல் தண்ணீர் அது.

ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. இங்கே ஏழு நாற்பது என்றால் அங்கே ஏழு பத்து. ஏழே காலுக்குப் போன் அலறியது. நான் பாய்ந்து எடுத்தேன், சிங்கப்பூர்க்காரர், மாம்பழக் கலர் சேலை என்றார். ஜெயவேல் வாங்கி, "அண்ணே, இங்க உயிர் போற விஷயம். அப்புறமா பேசலாம்," என்று வைத்துவிட்டார். அவருடைய பெரிய வாடிக்கைக்காரர் அவர் என்று துர்கா பிறகுதான் சொன்னாள்.

ஏழு இருபத்தைந்துக்கு லோரா கூப்பிட்டாள்.

"நிறுத்திவிட்டோம். எனக்கு அவன் பதில் சொல்லவில்லை. வாயைத் தாண்டி உள்ளே வந்த ஒரு இழுவைப் படகுக்காரர் என் கூப்பாட்டைக் கேட்டு, விளக்கடித்து அவனை மறித்தார். வாய்க்கு முந்தின கடைசித் தீவுக்குப் பின்னால் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ரூத் போர்வைக்குள் தூங்குகிறாளாம். வாயில் அலை வீட்டுச் சுவர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது என்று இழுவைப் படகுக்காரர் சொல்கிறார்." பிறகு, "நல்லவேளை கூப்பிட்டாய்," என்றாள்.

அப்போது அழுதேன். யார் வீடு, எந்த வாசனை என்று ஒன்றும் பார்க்கவில்லை. ஜெயவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏன் டீச்சரம்மா, அவங்க படகுல எங்கதான் போறாங்க?" என்று கேட்டார்.

மறைக்க என்ன இருக்கிறது. "மீன் புடிக்க," என்றேன். என் வேலையையும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார், அனந்தராஜைப் பார்த்தார். "அப்போ போன மாசம் என்னெ அந்தத் திட்டு திட்டுனீங்களே," என்று ஆரம்பித்தார். துர்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். முதலில் சிரித்தது அனந்தராஜ்தான். வெறும் வயிற்றோடு அப்படி ஒரு சிரிப்பு அவரிடமிருந்து வந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ராய் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் எடுத்தேன். முதல் வசந்தம் காண்கிறவளிடம் ஒரு வரி மின்னஞ்சலோடு விட்டது தன் தவறு என்றார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். வால்டர் எழுதியதில் ஒரு குற்றமும் இல்லை. 'தப்பு செய்தால் ஒளிகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீ எங்களைத் தேடி ஓடிவந்தாய். புதன்கிழமை மறுபடியும் போகிறோம். ரூத் பிடிக்கும் முதல் ஹாலிபட் உனக்குத்தான். எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்.'

அவர்களைப் புண்படுத்தாமல் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். கடைசியில், 'எனக்கு என்று கொடுத்துவிட்டால் அதை உயிரோடு விட்டுவிடுங்கள், அதுவே எனக்கு வந்து சேர்ந்த மாதிரி' என்று எழுதினேன். பதில் வரவில்லை. பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒரு காணொளி வந்தது. பார்த்துவிட்டுப் போனோடு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஜெயவேலும் துர்காவும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து பார்த்தார்கள். முடி உதிர்ந்த தலையில் கம்பளிக் குல்லாயோடு ஒல்லியாக ஒரு அம்மாள். படகோரத் தண்ணீரில் அவள் பாதி உயரத்துக்கு ஒரு மீன். வால்டரின் பெரிய கை தூண்டில் முள்ளை மெதுவாகக் கழற்றுகிறது. "இது உன்னுடையது, சக்ரேஸ்வரி," என்று அவள் என் பேரைத் திக்கித் திக்கிச் சொல்கிறாள். வெள்ளை வயிறு ஒருமுறை புரண்டது. பிறகு பச்சைத் தண்ணீர்தான்.

ஜெயவேல் இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தார். "எம்மாம் பெரிய மீனு," என்றார். போனை என்னிடம் நீட்டி, "உங்க பேரச் சொல்லி ஒரு உசுரு பொழச்சிதுங்க, டீச்சரம்மா," என்றார்.

"ஒண்ணு இல்லீங்க, மூணு. அத்தினியும் உங்க போனால," என்றேன்.