மகாராஜா என்ன குலம்?

கலை வளர்க்கிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது. போன வருஷம் வரைக்கும் இப்படி இல்லை. அரியலூர் அறிவழகன் சார் எங்கள் ஊருக்குள் வண்டியை நிறுத்தினால் நானே ஓடிப்போய் நாற்காலி போடுவேன். இப்போது அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே காறித் துப்ப வருகிறது.

என் பெயர் நர்மதா. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கிறேன். கொட்டைத் தோலில் இருக்கிற எண்ணெய் பட்டுப்பட்டு உள்ளங்கை கருத்து, தோல் உரிந்துபோகும். சாம்பலைத் தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. அங்கே வேலை செய்கிற பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறோம். கதை எழுதுகிறவள் கவிதா. பி.ஏ. படித்துவிட்டு எங்கள் கம்பெனியிலேயே எடை போடுகிறாள். ராஜா வேஷம் சிந்தாமணிக்கு. கட்டியங்காரன் நான்.

கூத்தில் கட்டியங்காரன்தான் முதலில் வருவான். உள்ளே வருகிற ஒவ்வொரு வேஷத்தையும் நிறுத்தி, எந்த நாடு, என்ன பேர், என்ன குலம் என்று கேட்பான். அவன் கேட்காமல் ராஜாவே ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது. வேஷத்தில் இருக்கும்வரை அவன் யாரை என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளவும் கூடாது. இந்த வாய்க்கு அந்த வேஷம்தான் பொருத்தம் என்று கம்பெனியே ஒருமனதாக முடிவு செய்தது.

அறிவழகன் சார் கொள்ளிடக்கரைக் கலை வளர்ப்புக் குழுவின் செயலாளர். அதற்கு முன்னால் டுட்டோரியலில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர். குழுத் தலைவர் வேணுகோபால் ரைஸ்மில் வைத்திருக்கிறார். பொய் சொல்லக் கூடாது, முதலில் அவர்கள் நல்லதுதான் செய்தார்கள். ஊர்க்கோடியில் பூட்டிக்கிடந்த பழைய உரக் கிடங்கை யாரையோ பிடித்துப் பேசி வாங்கி, விளக்கும் ஃபேனும் போட்டு, சாவியை எங்கள் கையில் கொடுத்தார்கள். ஆர்மோனியத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தக் கிடங்கு எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆம்பளைகளுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் வீடுகளில் ராஜா வசனத்தை அதட்டிப் பேசிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே ஒரு ராஜா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்களில் ஆறு பேர் ஊர்த் தெரு, ஆறு பேர் காலனி. நான் ஊர்த் தெரு, சிந்தாமணி காலனி. கிடங்குக்குள் ஒரு குடம், ஒரு டம்ளர். தாகம் எடுத்தவள் மொண்டு குடிப்பாள். அதைப் பற்றி யாரும் பேசினதில்லை. பேச ஒன்றுமில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வடக்கே இருக்கிற ஏதோ ஒரு அறக்கட்டளை, கலை வளர்ப்புக் குழுவுக்குப் புதிதாக ஒரு திட்டம் கொடுத்தது. திட்டத்தின் பேர் 'கம்யூனிட்டி ஆர்ட்ஸ்'. அறிவழகன் சார் சிரித்த முகமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் அடுத்த வாரம் கம்யூனிட்டி சர்டிபிகேட் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடுங்க."

"நாடகம் போடறதுக்கு எதுக்கு சார் சாதிச் சான்றிதழ்?" என்று கேட்டேன்.

"திட்டத்தோட பேரே கம்யூனிட்டி ஆர்ட்ஸ்ம்மா. ஒவ்வொரு கம்யூனிட்டிக்கும் ஒரு கலைக்குழு. அதான் அர்த்தம்."

கவிதா எழுந்து நின்றாள். "சார், இதுல கம்யூனிட்டின்னா சாதி இல்ல சார். ஊர்சனம்னு அர்த்தம். எல்லாரும் சேந்து பண்ற கலைன்னு சொல்றாங்க."

அவர் முகம் சுண்டிவிட்டது. "எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தரியா? காலேஜ்ல சேரும்போது கம்யூனிட்டின்னு கேட்டாங்களே, அப்ப ஊர்சனம்னா எழுதுன?" என்றார்.

நம் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தத்தை எவன் கண்டான்? பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறப் போனபோதும் ஒருத்தி கேட்டாள். எல்லா இடத்திலும் அது சாதிதான். ஆனாலும் தப்பு தப்புதானே. நானும் கவிதாவும் பஸ் ஏறி அரியலூர் போய்த் தலைவர் வேணுகோபாலைப் பார்த்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காப்பிகூட வாங்கிக் கொடுத்தார்.

"பாப்பா சொல்றதுதான் சரி. எனக்கும் அப்படித்தான் படுது" என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது. உடனே அடுத்ததைச் சொன்னார். "ஆனா அர்த்தம் எதுவா இருந்தா என்னம்மா? இப்படிப் பிரிச்சுக் குடுத்தாத்தான் யாருக்கும் வருத்தம் வராது. கும்மிக்காரங்க, கோலாட்டக்காரங்க எல்லாரும் சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. ஒருத்தரும் ஏன்னு கேக்கல. நீங்க கலந்து கெடக்குறதுதான் பிரச்சினை. ரெண்டாப் பிரிஞ்சிடுங்க. உங்களுக்கும் லாபம்தான், ரெண்டு மேடை. இல்லேன்னா கெடங்குச் சாவியத் திருப்பிக் குடுக்கற மாதிரி ஆயிடும்."

தெரியாமல் செய்கிறவனைக்கூட மன்னித்துவிடலாம். இவர் தெரிந்தே செய்கிறார், அதையும் சிரித்துக்கொண்டே செய்கிறார். மிச்சக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கவிதா மெதுவாகச் சொன்னாள். "பேருக்குத்தானேக்கா. கெடங்கு போச்சுன்னா குழுவே போச்சு. விழா முடிஞ்சதும் பழையபடி சேந்துக்கலாம்."

"பிள்ளையார் பிடிக்கப் போயி கொரங்கைப் பிடிச்சிட்டு வரோம்டி" என்று கத்தினேன். முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஆனால் மற்ற பத்துப் பேரில் முக்கால்வாசிப் பேர் கவிதா பக்கம்தான். கிடங்கை விட யாருக்கும் மனசில்லை. சிந்தாமணி மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொட்டை உடைக்கப் போய்விட்டாள்.

ஊர்த் தெருக் குழு செவ்வாய்க்கிழமை, காலனிக் குழு வெள்ளிக்கிழமை என்று ஆனது. எங்கள் பக்கம் கட்டியங்காரன் இருந்தான், ராஜா இல்லை. அவர்கள் பக்கம் ராஜா இருந்தாள், கட்டியங்காரன் இல்லை. கவிதா இரண்டு பக்கத்துக்கும் கதையை வெட்டி ஒட்டினாள். நாடகம் என்ற பேரில் எதையோ உளறிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை நான் கொஞ்சம் தாமதமாகக் கிடங்குக்குள் போனால் குடத்துக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர் இருந்தது. பழையது ஒன்று, புதிதாக எவர்சில்வரில் ஒன்று. "எவடி இதைக் கொண்டாந்தது?" என்று கேட்டேன். ஆளாளுக்கு வசனத் தாளைப் புரட்டினார்கள். காலனிக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. இருந்த ஆறு பேரில் ஒருத்திதான். கம்பெனியில் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே தூக்குவாளியில் கைவிட்டுச் சாப்பிட்டவள்தான். வேணுகோபால் டம்ளர் கொண்டுவரச் சொல்லவில்லை. அவர் பிரித்துத்தான் விட்டார், மீதியை நாங்களே செய்துகொண்டோம். அன்றைக்கு என் மேலேயே எனக்கு நாற்றம் அடித்தது.

விழா அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடை முழுக்கப் பொன்னாடை மரியாதை. தலைவருக்குச் செயலாளர் போர்த்த, செயலாளருக்குத் தலைவர் போர்த்த, போர்த்தின பொன்னாடையைப் பின்பக்கம் ஒருவர் மடித்து அடுத்த ஆளுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழுவையும் மைக்கில் அதனதன் சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் அந்தந்த ஆட்கள் விசில் அடித்தார்கள். அவர்களில் ஒருவராவது ஆட்டத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எங்கள் குழு முதலில் போனது. இல்லாத ராஜாவைப் பார்த்துக் கேலி பேசிவிட்டு இறங்கினோம். எவனுக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கே வரவில்லையே. அடுத்து காலனிக் குழு. சிந்தாமணி கிரீடமும் மீசையுமாக ஏறி நடுவில் வந்து நின்றாள். ராஜாவே தன் பேரைச் சொல்லிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும் என்பது கவிதாவின் ஏற்பாடு.

சிந்தாமணி வாயைத் திறக்கவில்லை.

ஆர்மோனியக்காரர் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தார். அறிவழகன் சார் மைக்கைப் பிடித்து, "மன்னர் வந்துவிட்டார், மன்னர் பேசுவார்" என்றார். கூட்டத்தில் யாரோ, "வசனம் மறந்துபோச்சுடா" என்று கத்தினான். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வசனம் மறக்கிறவளா அவள்? கம்பெனியில் எங்கள் எல்லோருடைய வசனத்தையும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். பக்கத்து அறையில் முகத்து அரிதாரத்தைத் துடைக்கத் துணியைக் கையில் எடுத்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. கட்டியங்காரன் கேட்காமல் ராஜா பேசக் கூடாது. அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். "ஏம்மா, உங்க டைம் முடிஞ்சிடுச்சு" என்று அறிவழகன் சார் கையைக் குறுக்கே நீட்டினார். அவர் கைக்குக் கீழே குனிந்து மேடை ஏறினேன்.

"யாருய்யா அது, மீசையும் கிரீடமுமா? எந்த நாடு? என்ன பேரு? என்ன குலம்?"

சூரிய குலம் என்பதுதான் வசனம். சிந்தாமணி என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். தன் இன்னொரு கையையும் பக்கத்தில் விரித்துக் காட்டினாள். முகத்துக்குப் பூசிய அரிதாரத்தைக் கைக்கு யார் பூசுகிறார்கள்? இரண்டு கையும் ஒரே கறுப்பு.

"இந்தக் குலம்டா, கட்டியங்காரா" என்றாள்.

நான் அடுத்த வசனத்தை எடுப்பதற்குள் முதல் ஆளாக மேடை ஏறினவள் கவிதா. மற்றவர்களும் ஏறினார்கள். பன்னிரண்டு பேரும் பழைய நாடகத்தைப் பழையபடி ஆடினோம். மைக்கை நிறுத்திவிட்டார்கள். கத்தியே பேசினோம். முதல் நாலு வரிசை எழுந்து போனது. பின்னால் இருந்த ஜனம் முன்னால் வந்து உட்கார்ந்து சிரித்தது.

இறங்கும்போது வேணுகோபால் படிக்கட்டில் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. "பிரமாதம்மா. உடம்பெல்லாம் புல்லரிச்சிடுச்சு" என்றார். பிறகு என்னைக் கொஞ்சம் ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சும்மாத்தான் கேக்குறேன், மைக்ல பேர் கூப்பிட்டப்ப நான் சாப்பாட்டுப் பக்கம் இருந்தேன், அந்த ராஜா வேஷம் போட்ட பொண்ணு நம்ம ஆளுங்களா, அவங்களா?"

நல்லவேளையாக நான் இன்னும் வேஷம் கலைக்கவில்லை.

"அது தெரியாம ராத்திரி சோறு எறங்காதா தலைவரே? பீயைத் தின்னாலும் எந்தத் தெருப் பீன்னு கேட்டுட்டுத்தான் திம்பீங்களா?"

அவர் சிரித்தார். கட்டியங்காரன் பேச்சுக்குக் கோபப்படக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலையில் சாவியைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்.

கிடங்கைக் காலி செய்யப் பன்னிரண்டு பேரும் போனோம். கவிதா அழுதாள். கம்பெனியில் கொட்டை காயப்போடுகிற களத்தில் சாயங்காலம் இடம் இருக்கிறது, மழை வந்தால் மழை என்று சிந்தாமணி சொன்னாள். கிரீடத்தையும் மீசையையும் பெட்டியில் வைத்தோம். குடத்தை நான் இடுப்பில் எடுத்தேன். சிந்தாமணி பழைய டம்ளரை எடுத்துக் குடத்தின் வாயில் கவிழ்த்தாள். புது டம்ளரை யாரும் தொடவில்லை.

"அது கெடக்கட்டும். கலை வளர்க்கிறவங்களுக்கு வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிடங்கைப் பூட்டினேன்.