பராமரிப்புக் குறைவு

ஆட்டோ டிரைவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவர் மனைவி ஒரு லிட்டர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மொத்தம் எட்டுக் கோடு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்ட டிரைவர் ஒரு நாள் முழுக்கக் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன தண்ணீர் அவ்வளவுதான். அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க சார். மீட்டர் போட்டுத்தான் தண்ணி குடிக்கிறேன் இப்ப" என்றார். அந்த அம்மா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வெயிலில் எட்டு மைல் ஸ்கூட்டர் ஓட்டி வந்தவன் நான். தொண்டை காய்ந்து கிடந்தது. ஆனாலும் அந்த மனிதர் முன்னால் டம்ளரை எடுக்கக் கை வரவில்லை.

நான் விதை நிலையத்து ஆள். ஊரில் 'விதை சார்' என்றால்தான் தெரியும். பதினோரு வருடம் பாடுபட்டு எங்கள் நிலையம் ஒரு சோயா ரகம் கொண்டுவந்தது. இருபத்தேழு என்று அதற்குப் பெயர். கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இந்தப் பருவத்தில் நாற்பது விவசாயிகளாவது அதைப் போடச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் நிலையத்தை மூடிப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரமாக வாசல் வாசலாக ஏறி இறங்கியதில் முப்பத்தொரு கையெழுத்து தேறியிருந்தது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. எனக்கே என் பேச்சு அலுத்துப்போயிருந்தது. டேப்பைப் போட்டுவிட்ட மாதிரி வாய் அதுபாட்டுக்கு ஓடும்.

இந்த அம்மாவிடம் சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் வந்தேன். போன வருடம் முதல் கையெழுத்தே இவருடையதுதான். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று ஒன்றரை ஏக்கரிலும் இருபத்தேழைப் போட்டவர். விளைச்சல் பாதிகூட வரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏதோ ஒரு தடவை அப்படி ஆகியிருக்கும்.

படிவத்தை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"வேணாம் சார். பழைய ரகத்தையே போட்டுக்கறேன்."

"அதுல என்னம்மா கிடைக்கும்? இது ஏக்கருக்கு நாலு மூட்டை கூட வரும்."

"வந்துச்சு சார். செடி நிறைய காய். கண்ணு பட்டுடுமோன்னு பயந்தேன்." பாட்டிலை மூடிக் கட்டிலுக்கடியில் வைத்தார். "காய் முத்துனதும் அறுவடை மெஷினுக்குச் சொன்னேன். பெரிய வயலெல்லாம் முடிச்சிட்டுத்தான் நம்மகிட்ட வருவேன்னான். பதினோரு நாள் ஆச்சு. அதுக்குள்ள இவருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரில சேத்தேன். திரும்பி வந்து பார்த்தா காயெல்லாம் வெடிச்சுப்போச்சு. வரப்புல நின்னா பட்டு பட்டுன்னு சத்தம் கேக்குது. பொரி வறுக்கற மாதிரி. பயிறெல்லாம் மண்ணுல. பழைய ரகம் நாலு நாளாவது பொறுக்கும் சார். உங்களோடது ரெண்டு நாள்கூடப் பொறுக்காது."

எனக்குத் தெரியாத விஷயமில்லை. காய் முற்றிய மூன்று நாளில் அறுக்க வேண்டும் என்று துண்டுப் பிரசுரத்தில் எட்டாவது வரியில் அச்சடித்திருக்கிறோம்.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"நீங்க வந்து கேப்பீங்கன்னு இருந்தேன்." கோபமே இல்லாமல்தான் சொன்னார். "உங்க அறிக்கையில என்னன்னு எழுதுனீங்க சார், எங்க வயலைப் பத்தி?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"வயலைப் பாக்காமயே எழுதிட்டேம்மா. பராமரிப்புக் குறைவுன்னு."

டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா, "சரியாத்தானே எழுதியிருக்கீங்க" என்றார். "ஒரு ஆளைப் பராமரிக்கவே நேரம் பத்தலை. வாரத்துல மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டுப் போகணும். காலைல போனா ராத்திரிதான் வீடு." எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்துப் பன்னண்டு நாள் வெடிக்காம செடியிலயே நிக்கற மாதிரி விதை இருந்தா சொல்லுங்க சார். காய் கம்மியா இருந்தாலும் பரவால்ல. அதுல கையெழுத்துப் போடறேன்."

படிவத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்கூட்டரை மிதித்தபோதுதான் நாற்பத்து நான்கு ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன் நாங்களே தள்ளிவிட்ட ரகம். காய் குறைவு. ஆனால் அதன் தோல் எருமைத்தோல். இரண்டு வாரம் வெயிலில் நின்றாலும் வாய் திறக்காது. எங்கள் மதிப்பெண் தாளில் மகசூலுக்கும் எண்ணெய்க்கும் நோய் தாங்குவதற்கும் கட்டங்கள் உண்டு. இதற்குக் கட்டம் இல்லை. கழிக்கச் சொன்ன தாளில் இருந்த கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்று.

நிலையத்துக் குளிர் அறையின் கடைசி அடுக்கில் நாற்பத்து நான்கு விதை இருபது கிலோ பை ஒன்று கிடந்தது. கழித்த பிறகும் மாதிரிக்காக விளைவித்து வைத்தது, மூன்று வருடப் பழசு. சோயா விதைக்கு அது கிழப்பருவம். முளைக்கிறதா என்று பார்க்க நூறு விதையை எண்ணி ஈரத்தாளில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்தேன். சோதனைத் திடல் என்று போட்டால் அரை ஏக்கருக்கு விதை கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு. அப்படியே ஒரு தாளை நிரப்பினேன். பழைய அறிக்கையை எடுத்து, 'பராமரிப்புக் குறைவு' என்பதை அடித்துவிட்டு, 'அறுவடை இயந்திரம் பதினோரு நாள் தாமதம், காய் வெடிப்பு' என்று எழுதினேன். இதைப் படித்தால் மேலிடம் நிலையத்தைப் பற்றி என்ன நினைக்கும் என்று தெரியும். கையெழுத்து முப்பத்தொன்றிலேயே நின்றிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் தாளைப் பிரித்தேன். சில விதைகள் அழுகிக் கூழாகியிருந்தன. முளைத்தவற்றை இரண்டு தரம் எண்ணிவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

"ஆஸ்பத்திரில இருக்கேன் சார். இப்பத்தான் இவருக்கு மெஷின் மாட்டுனாங்க."

நாற்பத்து நான்கைப் பற்றிச் சொன்னேன். "நூத்துக்கு அறுபத்து மூணு முளைச்சிருக்கும்மா. சட்டப்படி எழுபதாவது இருக்கணும். அதனால விதைன்னு தரமுடியாது, சோதனைன்னு தரலாம். அரை ஏக்கருக்குத்தான். வருமா வராதான்னு நான் சொல்ல மாட்டேன்."

"அறுபத்து மூணாம்" என்று அவர் யாருக்கோ சொல்வது கேட்டது. "பாஸுதான்" என்று டிரைவரின் குரல் தூரத்தில்.

"கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கறேன் சார். நாளன்னிக்கு வந்து..." என்றார்.

மேற்கொண்டு பேச்சு வரவில்லை. அந்தப் பக்கம் இயந்திரம் சீராக உறுமிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு நர்ஸ் யாரையோ கூப்பிட்டாள். "ம்மா" என்றேன். பதில் இல்லை. சற்றுப் பொறுத்து மூச்சுச் சத்தம் கேட்டது. நீளமாக, ஏறி இறங்கி. அந்த அம்மா உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கிவிட்டிருந்தார். போனைக் கட் செய்ய மனம் வரவில்லை. ஈரத்தாளிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டிக்கொண்டிருக்க, அறுபத்து மூன்று வெள்ளை வேர்களையும் கையில் ஏந்தியபடி, சத்தம் காட்டாமல் நின்றுகொண்டிருந்தேன்.