மேல் படுக்கையா, கீழ் படுக்கையா

அப்பாவின் சட்டைக்கு இரண்டு பொத்தான் போட்டு மூன்றாவதைப் பிடித்திருந்தாள் மகள். முன்னறையில் தொலைபேசி அடித்தது. பிடித்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

“நல்லா இருக்குடி இது,” என்றாள் அத்தை. இறந்தவரின் ஒரே தங்கை. ஈரத்துண்டும் கையுமாகக் கட்டிலுக்கு மறுபக்கம் நின்றிருந்தாள். “பெத்தவரப் பாதிச் சட்டையோட போட்டுட்டு ஓடுறா. இன்னிக்குமா வியாபாரம்?”

போனில் வண்டிக்காரர். நான்கு மணிக்குச் சரியாக வந்துவிடுவாராம், தெருவில் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி வைத்தாள். மேசைமேல் அந்த ஒற்றை அட்டை இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. பார்க்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். பார்த்துவிட்டுத்தான் போனாள்.

“யாரு?”

“வண்டிக்காரர் அத்தை.”

“அதுக்கா மூஞ்சி இப்படித் தொங்குது? விடிஞ்சதுலேர்ந்து பாக்கறேன், மணி அடிச்சா போதும், அடிச்சுப் பிடிச்சு ஓடுற. யாரு போனுக்குடி காத்திருக்க?”

மகளின் கண் முன்னறைப் பக்கமே போனது. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. போர்வையை அண்ணனின் கழுத்துவரை இழுத்து மூடினாள். “நீ ஆரம்பிச்ச வேல. நீயே வந்து முடி. நான் தொடமாட்டேன்.” சொன்னால் சொன்னதுதான், அவளும் அந்த அண்ணனுக்குத் தங்கைதானே.

துறைமுகத்தில் அப்பாவை ஆள்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கயிறும் பெயின்டும் விற்கும் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சொந்தமாகச் சிறு உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் கடைக்கு வந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, கூடவே ஓர் ஆளும் கேட்பார்கள். எஞ்சின் பார்க்க ஒருவர், சமைக்க ஒருவர், பாய்மரம் கவனிக்க ஒருவர். இவர் யாரையாவது சொல்லிவிடுவார். சொன்ன ஆள் நிலைத்துவிடுவான். ஐந்தாறு வருடம் இப்படி இலவசமாகச் சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு, அதே கடை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, வாசலில் பலகை மாட்டாமலே தொழிலைத் தொடங்கினார். முப்பத்தோரு வருடம் ஆகிவிட்டது. அவர் படுத்த பிறகு மேசையும் தொலைபேசியும் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டன.

வாசலில் வாடகை நாற்காலிகளில் துறைமுக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எஞ்சின்காரர். அப்பா முதன்முதலில் அனுப்பிய ஆள் அவர்தான். இப்போது தலை முழுக்க வெள்ளை. அவர் பேசுவது உள்ளே வரைக்கும் கேட்டது.

“அந்த மாடியில ஒரு பெஞ்சு போட்டிருந்தாரு, தெரியுமா? படகுல படுக்கை எவ்வளவு அகலமோ அதே அகலம். ரெண்டு பேரு உக்காந்தா முட்டி இடிக்கும். வேலை கேட்டு வர்ற ரெண்டு பேர அதுல உக்கார வெச்சுட்டு, இதோ வர்றேன்னு உள்ள போயிடுவாரு. அரை மணி நேரம்! கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருப்பாரு.”

“எதுக்கு?”

“எதுக்கா? கால அகட்டி உக்கார்றவன் எவன், நகந்து இடம் விடுறவன் எவன், வாய் ஓயாதவன் எவன், எல்லாம் அதுலயே தெரிஞ்சுபோகும். படகு அழகா வெள்ளையா இருக்கும்யா. உள்ள ஆளுங்க தூங்கற இடம் அலமாரி மாதிரி. அதுல நாலு மாசம் கூட இருக்கணும். எஞ்சின் தெரியுமான்னு என்னைக் கேக்கவே இல்ல மனுஷன். நகந்து உக்காந்தேன், வேலை கெடச்சுது.”

யாரோ சிரித்தார்கள். சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

அறையில் எல்லாம் சுத்தமாகிவிட்டது. மருந்துப் புட்டிகளைக் காணோம், ஆக்சிஜன் உருளையைக் காலையிலேயே எடுத்துப் போய்விட்டார்கள். ஐந்து வாரமாக இந்த வீட்டில் அந்த மூச்சின் சத்தம்தான் கடிகாரமாக இருந்தது. இன்று காலை ஏழரைக்கு அது நின்றபோது மகளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இனி அப்பா மூச்சை இழுக்க வேண்டியதில்லை. அப்படி நினைத்ததற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. வெட்கப்பட வேறு ஒன்று இருந்தது.

தொழிலில் அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆளை அனுப்பியதும் அந்த ஆளின் அட்டையை மேசையில் ஒரு மரத்துண்டின் வெட்டில் நிறுத்தி வைப்பார். படகில் ஏறியதும் ஆள் போன் செய்து “ஏறியாச்சு” என்று சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. அப்பா மூன்று கேள்வி கேட்பார். மேல் படுக்கையா, கீழ் படுக்கையா? அறையில் கூட யார்? முதல் வேளை என்ன சாப்பிட்டாய்? ஏறாத ஆள் ஏறியதாகச் சொன்னால் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்வான். பதில் சரியாக இருந்தால்தான் அட்டையைப் படுக்க வைப்பார். தொழில் தொடங்கிய நான்காம் வருடம் ஒருவன், படகு போய்விட்டதென்று சொல்லக் கூசி, ஏதோ ஒரு துறைமுக வாசலில் ஆறு நாள் தார்ப்பாயின் கீழே கிடந்து காய்ச்சலோடு திரும்பி வந்தான். அதற்குப் பிறகு வந்த சட்டம். அதற்குப் பிறகு ஒருவரும் அப்படிக் கிடந்ததில்லை.

இப்போது நிற்பது சமையல்காரம்மாவின் அட்டை. பள்ளி விடுதியில் பதினைந்து வருடம் சமைத்தவர். வீட்டில் தனி ஆள், ஊரை விட்டு எங்கும் போனதில்லை. அனுப்பியது மகள். கணினியைத் திறந்து பட்டியலைப் பார்த்து “நீலவேணி” என்ற படகின் பெயரைப் போட்டுக் கடிதம் அடித்துக் கொடுத்தாள். அந்தம்மா பேருந்து ஏறிய மறுநாள்தான் வேறு எதையோ தேடும்போது அப்பாவின் பழைய படகு அட்டை கையில் அகப்பட்டது. “நீலவேணி” கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் பென்சிலால் “வைகறை” என்று இருந்தது. படகு கைமாறினால் புது முதலாளி பெயரை மாற்றிவிடுவார். இந்தத் தொழிலில் இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இருபது வருடம் இதே மேசையில் உட்கார்ந்திருந்தவள் கோட்டை விட்டுவிட்டாள்.

படகு நிற்க வேண்டிய வெளியூர்த் துறைமுகத்துக்குப் போன் செய்தாள். “நீலவேணியா? அப்படி ஒரு படகே இங்க இல்லம்மா.” வைகறை? “அது மூணு நாளா இங்க இல்லையே. பழுதுபாக்கப் போயிருக்குன்னு நினைக்கறேன்.” எங்கே? தெரியாது. கேப்டனின் கைபேசி எட்டவில்லை. அந்தம்மாவின் கைபேசி அணைந்து கிடந்தது. இல்லாத படகின் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்தம்மா வாசல் வாசலாக நிற்பதை நினைத்து மகள் இரண்டு கைபேசிக்கும் மாறி மாறி அடித்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே அப்பா மூச்சுக்கு மூச்சு கேட்டுக்கொண்டிருந்தார். “ஏறிட்டாளா?”

நான்கு நாள் “இன்னும் இல்லப்பா” என்றாள். ஐந்தாம் நாள், அதாவது நேற்று மதியம், அவர் கண்ணைப் பார்க்க முடியாமல், “ஏறியாச்சாம்ப்பா. இப்பத்தான் போன் வந்துச்சு,” என்றாள்.

அப்பா விடவில்லை. மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டார். “மேல் படுக்கையா... கீழ் படுக்கையா?”

“கீழ் படுக்கை.”

“கூட யாரு?”

“பாய்மரம் கவனிக்கற ஒரு பொண்ணு.”

“சாப்பாடு?”

“ரொட்டியும் முட்டையும் குடுத்தாங்களாம்.”

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் லேசாக இழுத்தது. வலியாக இருக்கும் என்று நினைத்து அவள் தலையணையைச் சரிசெய்தாள். “சரி பாப்பா,” என்றார். “அட்டையப் படுக்க வை.”

அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. காலையில் போய்விட்டார். முப்பத்தோரு வருடம் யாரும் ஏமாற்ற முடியாத மனிதரைக் கடைசி நாளில் பெற்ற மகள் ஏமாற்றி அனுப்பிவிட்டாள். அவர் கண்ணை மூடியதும் அவள் செய்த முதல் காரியம், முன்னறைக்குப் போய் அட்டையை மறுபடி நிறுத்தியதுதான்.

மூன்றரைக்கு மீண்டும் தொலைபேசி அடித்தது. தம்பி எடுக்கப் போனான். காலைப் பேருந்தில் வந்து இறங்கியவன், அழுது முகம் வீங்கியிருந்தது. அவனைத் தள்ளிவிட்டு அவள் எடுத்தாள்.

ஒரே இரைச்சல். பிறகு ஒரு குரல். “மேடம், நான்தான். ஏறியாச்சு!”

மகளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்கம்மா இருந்தீங்க இத்தனை நாள்?”

“படகுல ஏறுற பலகையில கால் வெக்கறப்ப போன் தண்ணியில விழுந்துடுச்சு மேடம். இது கேப்டன் போன். ஏறினதுலேர்ந்து கடல்லயே இருந்தோம், இப்பத்தான் டவர் கெடச்சுது. எஞ்சின் சரியாயிடுச்சான்னு ஓட்டிப் பாத்தாங்க.”

“படகை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நான் பேரைத் தப்பா...”

“அதுவா? வாசல்ல அப்படி ஒரு படகே இல்லைன்னுட்டாங்க. அய்யாதான் சொல்லியிருந்தாரே, படகு பேர நம்பாத, அது மாறிக்கிட்டே இருக்கும், தாடி வெச்ச கேப்டனக் கேளுன்னு. தாடிக் கேப்டன்னு கேட்டேன். ஒரே ஆளுதான் மேடம் அந்தத் துறைமுகத்துக்கே. படகு பக்கத்துப் பட்டறையில நிக்குதுன்னு ஒருத்தர் வண்டியில கொண்டுவந்தே விட்டாரு.”

“அப்பா எப்பச் சொன்னாரு?”

“சொல்லிக்கிட்டுப் போக வந்தேனே, அன்னிக்கு. நீங்க டீ போடப் போயிருந்தீங்க.”

இருபது வருடமாக அப்பா ஒவ்வோர் ஆளையும் மாடிப்படி இறங்கிப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவார். காற்று வாங்கப் போகிறார் என்றே அவள் நினைத்திருந்தாள். இதையெல்லாம் சொல்லத்தான் போயிருக்கிறார்.

“அய்யா எப்படி இருக்காரு மேடம்?”

தூங்குகிறார் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஒரு பொய்யே இந்த வீட்டுக்குப் போதும். “காலையில இறந்துட்டாரும்மா.”

அந்தம்மாவின் குரல் இறங்கிப்போனது.

“மூணு கேள்வி கேப்பாருன்னு பதிலெல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன் மேடம்.”

“சொல்லுங்க. எழுதிக்கறேன்.” பென்சிலை எடுத்தாள். “மேல் படுக்கையா, கீழ் படுக்கையா?”

“ரெண்டும் இல்ல. சமையல்கட்டுக்குப் பின்னால ஒத்தப் படுக்கை.”

பென்சில் நின்றது.

“அய்யா சொன்ன மாதிரியேதான் இருக்கு. உனக்கு மேலயும் கெடையாது கீழயும் கெடையாது, வெங்காய மூட்டைதான் துணைன்னு சொல்லிச் சிரிச்சாரு. அதேதான். காலடியில மூட்டை.”

“முதல் சாப்பாடு?”

“யாரு போடுவா எனக்கு? நானே சமைச்சு நானே தின்னேன். கஞ்சி. கொஞ்சம் உப்பு ஜாஸ்தி.”

மகள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். வாசலில் பேச்சு நின்றது. தம்பி ஓடிவந்து தோளைப் பிடித்தான். “அக்கா, அக்கா, என்னாச்சு?” அத்தை வாசற்படியில் வந்து நின்று கன்னத்தில் கை வைத்தாள்.

அப்பாவுக்குத் தெரியும். கீழ் படுக்கை என்று அவள் சொன்ன அந்த நொடியே தெரியும். அந்தப் படகுக்கு அவரே மூன்று பேரை அனுப்பியிருக்கிறார், அதன் மூலை முடுக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெரிந்துகொண்டேதான் மற்ற இரண்டையும் கேட்டார், இவள் எவ்வளவு தூரம்தான் போகிறாள் என்று பார்ப்போமே என்று. கெட்டிக்காரக் கிழவர். அவரை யாரும் ஏமாற்றவில்லை.

“ஒண்ணுமில்லடா. சமையல்காரம்மா ஏறிட்டாங்க,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை.

அட்டையின் பின்பக்கம் எழுதினாள். ஒற்றைப் படுக்கை. வெங்காய மூட்டை. கஞ்சி, உப்பு ஜாஸ்தி. எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அட்டையை மேசைமேல் படுக்க வைத்தாள்.

தெருவில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. எஞ்சின்காரர் எழுந்துபோய்க் கையைக் காட்டி ஓட்டுநருக்கு வழி சொன்னார். நான்கு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் மகள்.

போர்வையை விலக்கினாள். மூன்றாவது பொத்தானின் துளை கொஞ்சம் இறுக்கம். இரண்டு முறை நழுவியது. அத்தை மறுபக்கம் வந்து துணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பொத்தான் உள்ளே போனது. மகள் நான்காவதையும் போட்டுவிட்டு, தூக்குபவர்களுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.