முற்று வராத வாக்கியம்

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றி அடுப்பில் வைத்தேன். பொங்கும் முன் இறக்கினேன். ஒரு டம்ளர் காபி. குளித்துவிட்டு ஏழு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன்.

கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. அவர்கள் அனுப்பும் வாக்கியங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் அடையாளம் இட வேண்டும். பெயர், வினை, இடை, உரி. வினை என்றால் முற்றா, எச்சமா. ‘வந்தாள்’ முற்று. ‘வந்து’ எச்சம், அதை முடித்துவைக்க இன்னொரு வினை வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு வாக்கியங்கள். கோச்சடை வீட்டில் நான் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் நாள் முடிந்துவிடும்.

ஒன்பது மணிக்கு அவனியாபுரத்திலிருந்து அத்தை அழைத்தார். என் மனைவி முத்துமீனாவின் அம்மா, அன்னக்கொடி.

“மாப்ள, மீனாவோட முதலாமாண்டு நினைவு ஃப்ளெக்ஸுக்கு எழுதி அனுப்பிட்டீங்களா? பதினோரு மணிக்குள்ள வேணுமாம்.”

“அனுப்புறேன் அத்தை.”

“பிழையில்லாம எழுதுங்க. காரியத்துக்கு அடிச்ச போஸ்டர்ல அன்னக்கோடின்னு போட்டுட்டான். கறிக்கடைக்காரன் இன்னும் கோடீஸ்வரின்னுதான் கூப்புடுறான்.”

சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன்.

“போட்டோவுக்குக் கீழ அவ கடைசியாச் சொன்னதப் பெருசாப் போடணும். ‘எங்கம்மாவ நல்லாப் பாத்துக்கங்க.’ அத வச்சுத்தான் மாப்ள நான் ஓட்டிக்கிட்டிருக்கேன்.”

போன வருடம் ஆஸ்பத்திரி வாசலில் நான் சொன்னது அது. அவள் வேலைக்குப் போன ஷேர் ஆட்டோ மீது லாரி மோதியிருந்தது. அத்தை வந்தபோது துணி போட்டு மூடிவிட்டார்கள். “எம்புள்ள கடைசியா என்ன சொன்னா?” என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

தட்டச்சு செய்தேன். ‘அம்மாவ’: பெயர், இரண்டாம் வேற்றுமை. ‘நல்லா’: வினையடை. ‘பாத்துக்கங்க’: ஏவல் வினைமுற்று. வாக்கியத்தில் குறையில்லை. ஆனால் மீனா எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை. பாதியிலேயே செருப்பை மாட்டிவிடுவாள்.

அழித்தேன். அத்தையைத் திரும்ப அழைத்தேன்.

“அத்தை, அவ அப்படிச் சொல்லல. நானாச் சொன்னது.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. இன்னொரு விசில்.

“பெறகு என்னதான் மாப்ள சொன்னா?”

அன்று தெருமுனையில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் ஒரு காலில் செருப்போடு வாசலில் திரும்பினாள். அவள் சொன்னதை அப்படியே அத்தையிடம் சொன்னேன்.

“அடுப்புல பால் இருக்கு, எறக்கி வச்சிட்டு…”