மூன்று துப்பாக்கியிலும் ஒரே கோடு

புதுத் துப்பாக்கி ஒன்று ஒன்பதாவது குண்டிலேயே பிளந்து போகிறதென்றால், அதைச் செய்தவனைப் பிடித்துக் கேட்க வேண்டும். நியாயம் அதுதான். ஆனால் நியாயம் என்றைக்கு எங்கள் கடற்கரைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்திருக்கிறது? செய்தவனை விட்டுவிட்டு, தினமும் துடைத்து வைத்தவனைப் பிடித்தார்கள். அந்தக் கூத்துக்குத் துணை போனவன் வேறு யாருமில்லை, பாம்பன் பாலத்தில் பிட்டராக இருந்த வியாகுலம்தான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். இலங்கையிலிருந்து சேலையும் சோப்பும் கிராம்பும் ஏற்றிக்கொண்டு திருட்டுத்தனமாக வருகிற தோணிகளைப் பிடிக்க, மணல்மேட்டில் ஒரு சாவடி போட்டிருந்தார்கள். அதற்கு இன்ஸ்பெக்டர் நாகநாதன், முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். மாசி மாதம் அவர் பேருக்கு மூன்று புதுக் கைத்துப்பாக்கிகள் வந்தன. மனிதர் ஒன்றைக்கூடச் சுட்டுப் பார்க்கவில்லை. ‘சோதித்தேன், மூன்றும் நன்று’ என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மற்ற இரண்டையும் பிரிக்காமலே பெட்டியில் வைத்துப் பூட்டினார். இடுப்புத் துப்பாக்கிக்குத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கிற வேலை காவலாள் பெஞ்சமினுக்கு.

பங்குனியில் ஒருநாள் காலை, மணலில் கள்ளிப்பெட்டிப் பலகை ஒன்றை நட்டு இன்ஸ்பெக்டர் சுட்டுப் பழகினார். எட்டுக் குண்டு ஒழுங்காகப் போயிற்று. ஒன்பதாவதில் துப்பாக்கியின் உடம்பே பிளந்து, மேல்மூடி பின்னால் பாய்ந்து அவர் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்டத் துண்டுகளைப் பொறுக்கித் துவாலையில் கட்டினார். உடனே வியாகுலத்துக்கு ஆள் போயிற்று.

வியாகுலத்தைக் கூப்பிட்டதில் அர்த்தம் இருந்தது. இருபது வருஷமாகப் பாலத்து இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடிப் பிடிக்கிற வேலை அவனுக்கு. இரும்பு பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அன்றைக்கும் சாவடித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு சாக்குக்கட்டி, மத்த ரெண்டு துப்பாக்கியும் வேணும்யா” என்றான். இன்ஸ்பெக்டர் பெஞ்சமினை டீ வாங்கிவரக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

வியாகுலம் காகிதத்தைப் பிரித்து இரண்டையும் கழற்றினான். மூன்று உடம்புகளையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்து, ஈரமில்லாமல் துடைத்து, சாக்குக்கட்டியைப் பொடியாக்கி மேலே தூவினான். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து பொடியை நனைத்துக் கோடு காட்டிவிடும். கால்மணி நேரம் போயிற்று. பிளந்ததில் பிளவைத் தாண்டியும் ஒரு கோடு ஓடியது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு குண்டுகூடச் சுடாத மற்ற இரண்டிலும் அதே இடத்தில் மயிரிழை போலக் கோடு விழுந்திருந்தது.

“அடப் பாவிகளா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். “இங்கன பாருங்கய்யா. விசைக்கு மேல இந்த மூலைய நேரா வெட்டி விட்டுருக்கான். மூலைன்னா வளைச்சு விடணும். சட்டைப் பையி எங்கன கிழியும்? மூலையிலதான? பத்தாததுக்கு அந்த மூலைய ஒட்டியே ஆணிக்கு ஓட்டையும் போட்டுருக்கான். அங்கன சதையே இல்ல. சுடுற அடி பூராவும் அங்கனதான் விழும். வார்ப்பும் மட்டம். சுடாததுலயே விரிசல்னா இது பிறவிக் கோளாறு. யார் துடைச்சாலும் துடைக்காட்டியும் உடையத்தான் செய்யும்.”

இன்ஸ்பெக்டர் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பிறவிக் கோளாறுன்னு எழுதுனா மேல இருந்து யாரக் கேப்பான் தெரியுமா? என்னைக் கேப்பான். பாக்காமலா கையெழுத்துப் போட்டேம்பான். ஆடியில எனக்குப் பதவி உயர்வு வரணும் வியாகுலம். துருப்பிடிச்சு உடைஞ்சுதுன்னு எழுதிக் குடு.”

“துரு எங்கனய்யா இருக்கு?”

“வரவச்சா வருது. உங்க ஊர்ல உப்புக்கா பஞ்சம்?”

“பெஞ்சமின் தலையிலல்லய்யா விடியும்? அவன் எம் மகளுக்கு ஞானத்தகப்பன். எனக்குக் கும்பாதிரி முறை.”

“மகளுக்குப் பாஸ்காத் திருநாள் முடிஞ்சு கல்யாணமாமே” என்றார் இன்ஸ்பெக்டர், நலம் விசாரிக்கிற குரலில். “உம் மச்சினன் இன்னாசி தலைமன்னார்ல இருந்து கொண்டாந்த சேல ஏழா, எட்டா? கட்டிலுக்குக் கீழ பச்ச டிரங்குப் பெட்டியிலதான இருக்கு? ஏதோ போகட்டும்னு இருக்கேன். நாளைக்கே சோதனைக்கு வந்தா இன்னாசிக்கு ஆறு மாசம். மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன செய்வான்னு நீயே யோசிச்சுக்க.”

எந்த வீட்டில் இல்லை கொழும்புச் சாமான்? அந்தக் கரையில் பிறந்த குழந்தைக்குப் போடும் சோப்பிலிருந்து செத்த கிழவிக்குப் போர்த்தும் துணி வரை கொழும்புதான். ஆனாலும் பிடிக்கிறவன் ஒரு வீட்டைத்தான் பிடிப்பான்.  வியாகுலம் துவாலையை எடுத்து மூன்று துப்பாக்கியிலும் இருந்த கோட்டைத் துடைத்தான்.

“மத்த ரெண்டையும் யாரும் சுட்டுறக் கூடாதுய்யா” என்று மட்டும் சொன்னான்.

“எனக்கென்ன பைத்தியமா? பெட்டியில போட்டுப் பூட்டிருவேன்.”

பிளந்த துப்பாக்கி வியாகுலம் வீட்டுக்கு வந்தது. கருவாட்டுக்கு உப்புப் போடுகிற சாடியில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கை உப்பள்ளிப் போட்டு அதை உள்ளே இறக்கினான். அவன் பெண்சாதி யாகப்பம்மாள் வந்து பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

“மாதாவே! பெஞ்சமின் அண்ணன் குடும்பம் என்னத்துக்கு ஆகும்?”

“ஒம் மக கல்யாணம் என்னத்துக்கு ஆகும்? அதச் சொல்லு.”

  அவள் சாடி மேல் மூடியை எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஊறப்போட்டும் காயப்போட்டும் நாலே நாளில் பிளவுக்குள் செங்காவியாகத் துரு ஏறிவிட்டது. பராமரிப்புக் குறைவால் உள்ளே துரு பிடித்து உடைந்தது என்று இன்ஸ்பெக்டர் எழுதி வைத்திருந்த தாளில் வியாகுலம் கையெழுத்துப் போட்டான். எழுத்து வாசனை இல்லாதவன் என்றாவது சாக்குச் சொல்லலாம். எட்டாம் வகுப்புப் படித்தவன், ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்துத்தான் போட்டான்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பாஸ்காவுக்கு முந்தின வாரமே பெஞ்சமினுக்குச் சீட்டுக் கிழிந்தது. அவன் சண்டை போட்டிருந்தால், ஊரைக் கூட்டியிருந்தால், வியாகுலத்துக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அந்த மனிதன் வாயே திறக்கவில்லை. அவனைக் கூப்பிட்டுத் துருவைக் காட்டியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்துவிட்டான். காட்டிக் கொடுத்திருப்பது கும்பாதிரியின் கையெழுத்து. அப்புறம் சந்தேகப்பட அவனுக்கு என்ன இருக்கிறது?

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயிலில் பாவசங்கீர்த்தனம். செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் ஒளிக்காமல் சொன்னால்தான் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கலாம். பெண்ணைப் பெற்றவன் மறுநாள் பூசையில் நன்மை வாங்காமல் இருக்க முடியுமா? ஊர் என்ன பேசும்? வியாகுலம் போய் வரிசையில் நின்றான். பெஞ்சமினும் அங்கே இருந்தான். ஆனால் வரிசையில் இல்லை, பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தான். வியாகுலத்தைப் பார்த்ததும் எழுந்து பக்கத்தில் வந்தான்.

“நான் போன வாரமே சொல்லிட்டேன் கும்பாதிரி. மாசியில ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்துட்டேன்ல, அப்ப துடைக்கல. அதையும் யார்ட்டயும் சொல்லல. என் அசட்டையால ஒரு மனுசன் ரத்தம் சிந்திப்போச்சேன்னு சுவாமியார்ட்டச் சொல்லி அழுதேன். ஒம்பது நாளைக்கு முழங்கால்ல நின்னு ஜெபமாலை சொல்லச் சொன்னாரு. இன்னைக்கு ஏழாவது நாள். மனசு கொஞ்சம் லேசாயிருக்கு.”

வியாகுலத்துக்கு இப்போதே கோயிலை விட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை. முறை வந்ததும் போய் முழங்காலிட்டான். கோபப்பட்டேன், கள்ளுக் குடித்தேன், இரண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்று வரிசையாகச் சொன்னான். சுவாமியார், “வேறே?” என்று கேட்டார். அவன், “அம்புட்டுதான் சாமி” என்றான். அபராதமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். செய்யாத பாவத்துக்கு ஒன்பது நாள், செய்த பாவத்துக்கு மூன்று மந்திரம். அதையும் நின்றபடியே சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் மகள் ஜோதிமேரி கொழும்புச் சேலை கட்டி நின்றாள். வியாகுலம் நாக்கை நீட்டி நன்மை வாங்கினான். இடி விழவில்லை, பூமி பிளக்கவில்லை. மத்தியான விருந்துக்கு இன்ஸ்பெக்டர்கூட வந்து, சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பந்தி முடிந்தபின் பெஞ்சமின், வியாகுலத்தைப் பந்தலுக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டான்.

“சிக்கல் ஊர்ல ஒரு பண்ணை வீட்டுக் காவலுக்கு வரச் சொல்லியிருக்காக. நாளைக்குப் போறேன். அங்கன ரெட்டக்குழல் துப்பாக்கி ஒண்ணு இருக்காம், அதையும் பாத்துக்கணுமாம். கேட்டதுல இருந்து பயமாக் கெடக்கு கும்பாதிரி. மறுபடி என் கையால ஒருத்தருக்கு ஏதும் ஆயிறக் கூடாது. நீங்க இரும்பு படிச்சவுக. எங்கன என் கை போகாம விட்டுச்சுன்னு காட்டுங்க. வெக்கத்த விட்டுத்தான் கேக்குறேன்.”

வியாகுலம் குத்தவைத்து மணலில் விரலால் துப்பாக்கியை வரைந்தான். பிடி, விசை, அதற்கு மேலே அந்த மூலை, மூலையை ஒட்டி ஆணி ஓட்டை. கை தன்னாலேயே எல்லாவற்றையும் சரியாக வரைந்துவிட்டது. சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். கேட்க ஒருவன் எதிரில் குனிந்து நிற்கிறான். பந்தலில் சம்பந்தி வீட்டார் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“இங்கன” என்று மூலையில் விரலை வைத்தான்.

பெஞ்சமின் நெற்றியைச் சுருக்கினான். “அங்கனயா? தீக்குச்சியில துணியச் சுத்தித் தெனமும் அந்த மூலையத்தான மொதல்ல துடைப்பேன்?”

“சரியாத் துடைக்கல” என்றான் வியாகுலம்.

“ஆமா” என்றான் பெஞ்சமின். “நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.” அந்த இடத்தை இன்னொரு தரம் நன்றாகப் பார்த்து மனசில் வாங்கிக்கொண்டு, கும்பாதிரியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.