அர்ஜிரோ எரிமலைக்கு வந்த நாள்

என் தங்கை அர்ஜிரோவுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அவள் கணவன் ஸராந்திஸ், கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவுக்கு வருகிறவர்களை என் படகில் ஏற்றி எதிரேயுள்ள எரிமலைத் தீவுக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி. யார் யாரோ வந்து ஏறிவிட்டுப் போன அந்த மலையில் அவள் மட்டும் கால் வைத்ததில்லை. கோடை முழுக்க அவளுக்கு ஓர் உணவகத்து அடுப்படியில் வேலை. குளிர்காலத்தில் படகு ஓடாது. கேட்கும்போதெல்லாம் மாப்பிள்ளை, வெறும் கறுப்புக் கல்தானே என்று தட்டிக்கழித்துவிடுவார்.

ஜூன் மாதம் உணவகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து ஒருநாள் விடுமுறை விட்டார்கள். காலையில் பெரிய வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு துறைமுகத்துக்கு வந்தவள், மற்றவர்களைப் போலவே சீட்டு வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அன்றைக்கு வந்தவர்கள் தெசலோனிகி நகரத்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள். அதனால் ஸராந்திஸ் வழக்கமான ஆங்கிலத்தை விட்டுவிட்டுக் கிரேக்கத்திலேயே பேசினார். படகைக் கட்டிவிட்டு நானும் பின்னாலேயே ஏறினேன். இதை விட முடியுமா?

மேலே பள்ளத்தின் விளிம்பில், கந்தகப் புகைக்கு நடுவே, அவர் தன் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"எரிமலைய எனக்கு நல்லாத் தெரியும்மா. என் வீட்டுலயே ஒண்ணு இருக்கு. மொதல்ல ரெண்டு நாள் சத்தமே வராது. அப்புறம் பாத்திரம் மட்டும் உருளும். அப்பவே ஓடிரணும்."

ஆசிரியைகள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"கடைசியா எப்ப வெடிச்சுதுங்க?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுல."

"அப்படியா? போன செவ்வாக்கிழமைன்னு கேள்விப்பட்டேனே. மாமியார விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, மீன் வாங்க மறந்துட்டு ஒருத்தர் வீட்டுக்கு வந்தாராம்."

அர்ஜிரோ கண்ணாடியைக் கழற்றினாள். மாப்பிள்ளை காரணமில்லாமல் குனிந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார். இறங்கும் வழியெல்லாம் ஆசிரியைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு வீட்டு எரிமலையைப் பற்றி விசாரித்தார்கள். அவளும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் வழிகாட்டுவதையே விட்டுவிட்டுக் கடைசி ஆளாக நடந்தார்.

அடுத்து வெந்நீர் ஊற்று. படகிலிருந்து குதித்து, கொஞ்சதூரம் குளிர்ந்த கடலில் நீந்தினால்தான் இரும்புத்துரு கலந்த சூடான செந்நீர் வரும். அர்ஜிரோ எல்லோருக்கும் முன்னால் குதித்தாள். எங்கள் அப்பா நீச்சல் கற்றுக்கொடுத்த பெண் அவள். தலையை வெளியே நீட்டி, "நீங்க வரலியா?" என்றாள்.

ஸராந்திஸ் அந்தத் தண்ணீரில் இறங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. குளிர், முதுகு, வேலை நேரம் என்று என்னிடம் காரணங்களை அடுக்கினார். நான் நங்கூரக் கயிற்றைப் பார்ப்பதுபோல நின்றேன். ஆசிரியைகள் கைதட்டத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல், வெள்ளைச் சட்டையோடே குதித்தார்.

இரண்டு பேரும் செந்நீரில் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தார்கள். அவள் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். படகு கிளம்பச் சங்கு ஊதும் நேரம் நெருங்கியபோது அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"மச்சான், எஞ்சின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லுங்களேன். ஒரு கால்மணி நேரம்."

சொன்னேன். ஆசிரியைகளில் ஒருவர்கூட நம்பவில்லை, ஒருவரும் அவசரப்படுத்தவுமில்லை.